புதுப்பிப்பு: பெங்களூரில் சாய்ந்த மரங்கள், எதை எடுக்கலாம்?

கோடை மழையில் சாயும் சாலை மரங்களில் கரண்டி, கிண்ணம் செதுக்க எது தோது என்று முன்பு கேட்டிருந்தேன். வந்த பதில்களும் செய்துபார்த்ததும் சேர்த்து:

மகாகனி கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். தூங்குமூஞ்சியின் நிறம் அழகு, ஆனால் ரேகை எதிரெதிராக ஓடுவதால் இழைப்புளி போட்டால் செதில் பெயரும். குல்மொஹர் மெத்தென்றிருக்கும், பூச்சி சீக்கிரம் விழும். சில்வர் ஓக் தூள் சிலருக்குத் தோல் அரிப்பு தரும். எதுவானாலும் மாநகராட்சி வனப்பிரிவில் கேட்டுவிட்டு எடுங்கள். சந்தனமோ என்று சந்தேகம் வந்தால் தொடவே தொடாதீர்கள்.

அறுத்த அன்றே இரு முனைகளிலும் மெழுகையோ மீந்த எமல்ஷன் பெயின்டையோ தடிப்பாகப் பூசுங்கள். ஈரம் முனை வழியாகத்தான் வேகமாக வெளியேறும், வெடிப்பும் அங்கேதான் தொடங்கும். முழு உருளையாக வைக்காமல் நடுமையம் வழியே நீளவாக்கில் பிளந்துவிடுங்கள். பலகையென்றால் இடையே முக்கால் அங்குலக் குச்சி வைத்து நிழலில் அடுக்க வேண்டும். காய அங்குலக் கனத்துக்குச் சுமார் ஓராண்டு ஆகும். ஈரமானி 12 சதவீதத்துக்குக் கீழே காட்டாமல் மூட்டு வேலை (துண்டுகளைப் பொருத்தி இணைப்பது) வேண்டாம். கரண்டிக்கு இந்தக் காத்திருப்பே இல்லை, பச்சை மரம்தான் கத்திக்கு இணங்கும்.

கருவிகள்: வில் ரம்பம், சிறு கைக்கோடரி, நேர்க்கத்தி, குழிவுக்கு வளைகத்தி, 1000 கிரிட் (துகள் நுண்மை எண்) சாணைக்கல். சங்கிலி ரம்பத்துக்கு வைத்த காசை நல்ல வளைகத்தியில் போடுங்கள்.