வலயமட்டப் போட்டி முடிந்ததும் பயிற்சியைக் கைவிடும் மாணவிகள்

கேள்வி: விளையாட்டுப் பொறுப்பாசிரியை, பொகவந்தலாவை

வணக்கம். எங்கள் தோட்டப் பாடசாலையில், இல்ல விளையாட்டுப் போட்டி தொடங்கி வலயமட்ட மெய்வல்லுநர் போட்டி முடியும்வரை மாணவிகள் ஆர்வத்தோடு பயிற்சிக்கு வருகிறார்கள். அதில் தெரிவாகாதவர்கள் மறுவாரமே நின்றுவிடுகிறார்கள். தெரிவான ஓரிருவரும் தோழியர் இல்லாமல் ஓட விரும்புவதில்லை. பதக்கம், சான்றிதழ், காலைக் கூட்டத்தில் பாராட்டு எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டோம். 800 மீற்றர், 1500 மீற்றர் ஓட்டங்களுக்கு ஆண்டு முழுவதும் பயிற்சி வேண்டும் என்பதால், போட்டியில்லாத மாதங்களிலும் இவர்களுடைய ஊக்கத்தைக் காப்பது எப்படி என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

பதில்: உடற்கல்வி ஆசிரியர், பண்டாரவளை

டீச்சர், அவர்களிடம் ஊக்கம் இல்லாமலில்லை. அது பதக்கத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவரும் அமெரிக்கப் பாலர் பாடசாலைப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், படம் வரைந்தால் பரிசு உண்டென்று முன்கூட்டியே சொல்லப்பட்ட பிள்ளைகள், பின்னர் விருப்பம்போல் விளையாட விடப்பட்ட நேரத்தில் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். அதே பரிசை எதிர்பாராமல் பெற்றவர்களிடம் அந்தக் குறைவு காணப்படவில்லை. ஆகவே பதக்கத்தை நிறுத்த வேண்டியதில்லை, அதைக் காட்டி அழைப்பதைத்தான் நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து.

டெசி, ரயன் இருவரும் வளர்த்தெடுத்த சுயநிர்ணயக் கோட்பாட்டின்படி, ஒருவர் ஒரு செயலில் தாமாகவே நிலைத்திருப்பதற்கு, தானே தெரிவுசெய்கிறேன், என்னால் முடிகிறது, இவர்களோடு நானும் ஒருத்தி என்ற மூன்று உணர்வுகளும் வேண்டும். தோழியர் இல்லாமல் ஓட மறுப்பதை நான் குறையாகக் கொள்ளமாட்டேன். மூன்றாவது உணர்வு அவர்களிடம் ஏற்கெனவே வலுவாக இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. தெரிவானவர்களைத் தனியே பிரிக்காமல் எல்லோரையும் ஒரே குழுவாக ஓடவிடுங்கள். வாரத்தில் ஒரு நாள் பயிற்சியை அவர்களே அமைக்கட்டும். அன்று எல்லே ஆடினாலும் வலைப்பந்து ஆடினாலும் தடுக்க வேண்டாம். ஒருத்திக்கு 1500 மீற்றர் பிடிக்கவில்லையென்றால் வேறொன்றைத் தொட்டுப் பார்க்கட்டும். நம் கண்டி முரளிதரனே பாடசாலையில் மிதவேகப் பந்துவீச்சாளராகத் தொடங்கி, 14 வயதளவில் பயிற்றுநரின் சொற்கேட்டுச் சுழற்பந்துக்கு மாறியவர்தான்.

இரண்டாவது உணர்வுக்கு ஒவ்வொருத்தியிடமும் ஒரு கொப்பி இருக்கட்டும். சென்ற மாதத்து நேரத்தையும் இந்த மாதத்து நேரத்தையும் அவளே எழுதி ஒப்பிட வேண்டும்.

பதில்: ஒரு தாய், தலவாக்கலை

சேர் சொல்வது சரிதான். ஆனாலும் பிள்ளை நின்றுவிட்டால் அவளுக்கு விருப்பமில்லை என்று உடனே முடிவு செய்ய வேண்டாம். தாய் மலையிலிருந்து கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்கு வரும்வரை தம்பி தங்கைகளைப் பார்ப்பதும் தண்ணீர் பிடிப்பதும் பெரும்பாலும் மூத்த பெண்பிள்ளையின் பொறுப்பாகிவிடுகிறது. போட்டி என்றால் வீட்டில் அனுமதிக்கிறார்கள், போட்டி முடிந்தபின், “இனி எதற்கு ஓடுகிறாய்?” என்றுதான் கேட்கிறார்கள். என் மகள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல்தான் சில காலம் நின்றிருந்தாள். பெற்றோர் கூட்டத்தில் ஆண்டு முழுவதும் பயிற்சி ஏன் தேவை என்பதை டீச்சரே விளக்கி, எந்த நேரம் வசதி என்று தாய்மாரிடமே கேட்டால் நல்லது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. நேரத்தைப் பற்றி நாங்கள் பெற்றோரிடம் கேட்டதே இல்லை, இம்முறை கேட்கிறோம். இன்னும் இரண்டு ஐயங்கள்: நேரங்களை எழுதிவைத்தால் மெதுவாக ஓடுபவர்கள் மேலும் சோர்ந்துவிட மாட்டார்களா? மே மாதத்திற்குப் பின் இங்கே மழை விடுவதில்லை. அப்போது என்ன செய்வது?

பதில்: உடற்கல்வி ஆசிரியர், பண்டாரவளை

கொப்பியை அவளும் நீங்களும் மட்டும் பார்க்க வேண்டும். அறிவித்தல் பலகையில் வரிசைப்படுத்தி ஒட்டினால் நீங்கள் அஞ்சுவது நடக்கும்.

ஊவாப் பக்கத்தில் எங்களுக்கு அந்த மாதங்களில் வெயில். உங்களுக்குத் தென்மேற்குப் பருவமழை. பீற்றர் கோல்விட்சர் என்ற உளவியலாளர், “பயிற்சி செய்வேன்” என்ற பொதுவான எண்ணத்தைவிட, “இது நடந்தால் இதைச் செய்வேன்” என்று முன்பே தீர்மானிப்பது செயலுக்குக் கூடுதலாக இட்டுச்செல்லும் எனக் காட்டியிருக்கிறார். “மணி அடிக்கும்போது மழை பெய்தால் மண்டபத்தில் கயிறடிப்போம், மழை விட்டிருந்தால் தொழிற்சாலை மேடுவரை ஓடுவோம்” என்று மாணவிகளே கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதட்டும். வழுக்கும் நாட்களில் இறக்கத்தில் மட்டும் ஓடவிடாதீர்கள், நடந்தே வரட்டும்.