அவாங்கார்டுக்குத் தமிழ்: 'படை'யை விட்டுவிட வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் நான் கேட்டது ஒரே ஒரு சொல்: நிலவும் வழக்கத்தை உடைத்துக்கொண்டு முன்னே போகும் கலையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் 'அவாங்கார்ட்' (avant-garde), அதற்குத் தமிழ் என்ன? குழுவில் இவ்வளவு மடல்கள் வரும் என்று நினைக்கவில்லை. தனித்தனியே எழுதாமல் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். இழையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: 1896 முதல் 1920 வரை ஐரோப்பிய மேடையிலும் ஓவியத்திலும் நடந்த கலகங்களைப் பற்றிய நூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் 'அவாங்கார்ட்' பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. முதல் இயலில் அப்படியே தமிழ் எழுத்தில் போட்டேன். 'அவாங்கார்டின்', 'அவாங்கார்டினரால்' என்று வேற்றுமை உருபு ஏற ஏற, எனக்கே வாய் நோகிறது.

> 'முன்னணிக் கலை' என்று போட்டுவிட்டுப் போகலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும். தலைகீழாகப் புரியும். நம் நாளிதழில் 'முன்னணி நடிகர்' என்றால் யார்? சம்பளமும் சந்தையும் உள்ளவர். 1896 டிசம்பர் 10 அன்று பாரிசில் ஆல்ஃபிரட் ஜாரியின் 'உபு ராஜா' அரங்கேறியது. அதன் முதல் வசனமே மலத்தைக் குறிக்கும் வசவு, அதிலும் ஓர் எழுத்தைக் கூடுதலாகச் செருகித் திரித்தது. அந்த அரங்கேற்றத்தின் அமளியை இன்றுவரை பேசுகிறார்கள். ஜாரி 1907-இல் வறுமையில் இறந்தார், வயது 34. இவரை 'முன்னணி நாடகாசிரியர்' என்று எழுதினால் வாசகர் மனத்தில் வந்து நிற்பது யாரோ ஒரு வெள்ளிவிழா நாயகன்.

> 'முன்னோடி'? அழகான சொல்.

அக்கா, அழகுதான். ஆனால் முன்னோடி என்பது பின்னால் வந்தவர்கள் தரும் பட்டம். சங்கரதாஸ் சுவாமிகளை முன்னோடி என்கிறோம். ஒரு தலைமுறையே அவர் பாடத்தைப் படித்து மேடையேறியது. அவரை அவாங்கார்ட் என்று யாராவது சொல்வார்களா? இத்தனைக்கும் ஜாரியும் அவரும் ஏறக்குறைய ஒரே காலத்தவர்கள். முன்னோடிக்குப் பின்னால் ஆள் வர வேண்டும். அவாங்கார்டுக்கு எதிரில் ஆள் இருந்தால் போதும்.

'பரிசோதனைக் கலை'யைப் பலர் சொன்னீர்கள். சிற்றிதழ்களில் புழங்கிய சொல், மறுக்கவில்லை. அதை 'எக்ஸ்பெரிமென்டல்' என்ற வேறொரு சொல்லுக்கு விட்டு வைக்க வேண்டும், அவ்வளவுதான். 'நவீனம்' ஏற்கெனவே தலைக்கு மேல் சுமக்கிறது.

இனி முக்கியமான மறுப்புக்கு வருகிறேன்.

> இது போர்க்களத்துச் சொல் என்பது பிரெஞ்சுக்காரர்களின் வரலாறு. நமக்கு அந்தச் சுமை எதற்கு? கலைக்குப் படைப் பெயர் தேவையா?

இந்த வினாதான் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. அவாங்கார்ட் என்றால் படைக்கு முன்னே போகும் சிறு பிரிவு. 1825-இல் பிரெஞ்சு சமூகச் சிந்தனையாளர் சான்-சிமோனின் வட்டத்தார்தான் கலைஞர்களைப் பார்த்து 'உங்களுக்கு நாங்கள்தான் முன்செல்லும் படை' என்று சமூகத்திடம் சொல்லச் சொன்னார்கள். 1860-களில் கவிஞர் போதலேர் தன் குறிப்பேட்டில், பிரெஞ்சுக்காரர்களுக்குப் படைத்துறை உவமைகள் மேல் அப்படி என்ன மோகம் என்று எரிச்சல்படுகிறார். ஆக, பிரெஞ்சிலேயே இந்த மறுப்பு பழசு.

ஆனாலும் நான் மொழிபெயர்க்கும் காலத்துக்கு வந்தால் அந்த உவமை உவமையாக நிற்கவில்லை. 1909 பிப்ரவரி 20 அன்று 'லெ ஃபிகாரோ' நாளிதழின் முதல் பக்கத்தில் இத்தாலியக் கவிஞர் மரினெத்தி, வேகத்தையும் எந்திரத்தையும் போற்றிய எதிர்காலவாத (Futurism) இயக்கத்தின் அறிக்கையை வெளியிடுகிறார்; உலகைத் தூய்மை செய்யும் ஒரே வழி போர் என்கிறார். கேட்ட போர் 1914-இல் வந்தது. 1915-இல் இத்தாலி இறங்கியதும் மரினெத்தி, ஓவியர்கள் போச்சோனி, ருசோலோ, கட்டடக் கலைஞர் சான்தெலியா எல்லோரும் தொண்டர் மிதிவண்டிப் படையில் போய்ச் சேர்ந்தார்கள். மறு ஆண்டே போச்சோனி பயிற்சியில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். சான்தெலியா களத்தில் விழுந்தார். அந்தப் பக்கம் ஜெர்மனியில், ஓவியர் மாக்க போர் தொடங்கி இரண்டு மாதத்தில் களத்தில் இறந்தார். அவர் நண்பர் ஃபிரான்ஸ் மார்க் 1916 மார்ச்சில் பிரான்சின் வெர்தான் போர்க்களத்தில் இறந்தார். நீலக் குதிரைகளை வரைந்த அந்த மனிதர் போர்முனையில் செய்த வேலைகளில் ஒன்று, பீரங்கிகளை மறைக்கும் தார்ப்பாய்களில் வண்ணம் தீட்டுவது. 'முன்னே போகும் படை' என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள் உண்மையிலேயே போர்முனைக்குப் போய்ச் செத்தார்கள். சொல்லிலிருந்து படையை எடுத்துவிட்டால் இந்த இயல் முழுக்க அந்தரத்தில் நிற்கும்.

> சூரிச் கூட்டம் போரை வெறுத்தவர்கள் அல்லவா? அவர்களுக்கும் அதே பெயரா?

நியாயமான கேள்வி. சூரிச் கூட்டம் என்றால், அபத்தத்தையே கலையாக்கிய டாடா இயக்கத்தார். ஜெர்மானியக் கவிஞர் ஹ்யூகோ பால் 1916 பிப்ரவரி 5 அன்று அங்கே ஷ்பீகல்காஸ்ஸ தெருவில் 'காபரே வோல்தேர்' என்ற கேளிக்கை அரங்கைத் திறந்தார். நடுநிலை நாடு, ஓடிவந்த கலைஞர்கள், அட்டைக் குழாய்க்குள் நின்றுகொண்டு பொருளில்லாத ஒலிகளைக் கவிதையாகச் சொல்லும் கவிஞர். ஆனால் அதே பால் 1914-இல் படையில் சேரப் போய், உடல்நிலை சரியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர். பெல்ஜியப் போர்முனையைப் பார்த்த பிறகுதான் மனம் மாறினார். படையை மறுக்கும் படை என்ற முரண் அந்தக் காலத்தின் முரண். அதைத் தமிழில் நான் ஏன் சரிசெய்ய வேண்டும்? அதே தெருவில் சில வீடுகள் தள்ளி அதே மாதம் லெனின் குடிவந்தார். அவர் கட்சியை வருணித்த சொல்லை நம் இடதுசாரி ஏடுகள் 'தொழிலாளி வர்க்கத்தின் முன்னணிப் படை' என்று எப்போதோ தமிழாக்கிவிட்டன. அதாவது, அவாங்கார்டின் அரசியல் பாதி ஏற்கெனவே தமிழில் இருக்கிறது. கலைப் பாதிக்குத்தான் சொல் தேடுகிறோம்.

அதற்குப் பழந்தமிழில் தேடலாம் என்று புலவர் ஐயா எழுதியது இந்த இழையின் மிகச் சிறந்த மடல். முன்செல்லும் படைக்குத் 'தார்' என்றும் 'தூசி' என்றும் பெயர். 'தார்தாங்கிச் செல்வது தானை' என்பது குறள் 767. பின்னால் வரும் படை 'கூழை'. புறநானூறு 88-இல் ஔவையார் 'கூழை தார் கொண்டு யாம் பொருதும் என்றல் ஓம்புமின்' என்று அதியமானின் எதிரிகளை எச்சரிக்கிறார். 1939-இல் அமெரிக்க விமர்சகர் கிளமென்ட் கிரீன்பெர்க், அவாங்கார்ட் இருந்தால் அதற்கொரு பின்படையும் இருக்கும் என்று சொல்லி, மலிவு அலங்காரக் கலையை அந்த இடத்தில் வைத்தார். அந்த ஜோடி நம்மிடம் தயாராக இருக்கிறது! கூழைக்கும்பிடு போடும் கலை என்று நினைத்துக்கொண்டால் இன்னும் பொருத்தம்.

ஆனால் ஐயா, 'தூசிக் கலை', 'தார்க் கலை' என்று அச்சில் வந்தால் என்ன ஆகும்? தூசியும் தாரும் சேர்ந்தால் நெடுஞ்சாலைத் துறை. (பிரெஞ்சுக் கலைஞர் டுஷானின் கண்ணாடி ஓவியத்தில் மாதக்கணக்கில் படிந்த தூசியை 1920-இல் மான் ரே ஒளிப்படம் எடுத்தார். அந்த ஒரு படத்துக்கு மட்டும் 'தூசிக் கலை' இரட்டைப் பொருளில் பொருந்தும்.) அடிக்குறிப்பு போட்டுத்தான் புரியவைக்க வேண்டும் என்றால் அது கலைச்சொல் ஆகாது, புதிர்தான்.

என் முன்மொழிவு: முன்படை.

முன்படை நாடகம், முன்படைக் கலைஞர், முன்படைப் போக்கு. எதிர்ச்சொல் பின்படை. 1960-களுக்குப் பிந்தையதைப் 'புது முன்படை' எனலாம். பார்த்தவுடன் பிரிகிறது, உருபு ஏற்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, பிரெஞ்சுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு உண்டு. தமிழில் படை என்றால் சேனையும்தான், படைத்தலும்தான். முன்னே போகிறவர்களும் முன்கூட்டிப் படைக்கிறவர்களும் ஒரே சொல்லில் நிற்கிறார்கள். மூலச்சொல்லைவிட ஒரு படி மேலே போகும் வாய்ப்பு மொழிபெயர்ப்பாளனுக்கு எப்போதாவதுதான் கிடைக்கும்.

குறைகளையும் நானே சொல்லிவிடுகிறேன். 'முன்படைப்பு' என்று யாரும் எழுதக் கூடாது. அது 'முந்தைய படைப்பு' ஆகிவிடும். சாமிக்கு முன் படைப்பது நினைவுக்கு வரலாம். தம்பி ஒருவர் 'படை, சொறி, சிரங்கு' களிம்பு விளம்பரத்தைத் தனிமடலில் அனுப்பிச் சிரித்தார். அந்தக் காலத்துப் பாரிஸ் விமர்சகர்கள் அந்தப் பொருளை மனமார ஏற்றிருப்பார்கள்.

> அகராதியில் இல்லாத சொல்லை நாமாக வைக்கலாமா?

இதற்கு என் பதில் பிரெஞ்சுக் கவிஞர் அப்போலினேர். 1917 மே 18 அன்று, வெர்தானின் ரத்தம் காயாத காலத்தில், பாரிசின் ஷாத்லே அரங்கில் 'பராத்' என்ற பாலே நடந்தது. கொக்தோவின் கதை, எரிக் சத்தியின் இசை, அதற்குள் தட்டச்சுப்பொறியும் சைரனும் துப்பாக்கி வெடியும், பிக்காசோவின் அட்டைக்கோபுர உடைகள். அதன் அறிமுகத் தாளில், தலையில் குண்டுத்துண்டு பாய்ந்து அறுவைச் சிகிச்சையில் பிழைத்திருந்த அப்போலினேர் 'சுர்ரியலிசம்' (மீயதார்த்தம்) என்ற சொல்லை அச்சேற்றினார். அதற்கு இரண்டு மாதம் முன்பு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் காரணமும் சொல்லியிருக்கிறார்: 'இயற்கைக்கு அப்பாற்பட்டது' என்ற பொருளில் முதலில் வைத்திருந்த சொல்லைத் தத்துவவாதிகள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள், புதுச்சொல் அகராதியில் இன்னும் இல்லை, அதனால் கையாள வசதி. 'முன்னணி'யை அரசியல்வாதிகளும் சினிமாக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். 'முன்படை'யில் இன்னும் யாரும் குடியேறவில்லை. ஒரு பாலேயின் அறிமுகத் தாளில் சொல் பிறக்கலாம் என்றால், இந்த மடற்குழுவில் பிறக்கக் கூடாதா?

இரண்டாம் இயலை ஞாயிற்றுக்கிழமை பதிப்பாசிரியருக்கு அனுப்ப வேண்டும். அதற்குள் இதைவிட நல்ல சொல் வந்தால் மாற்றிவிடுகிறேன். 'முன்படை'க்கு ஒப்புதல் என்றால் அடுத்த சிக்கல் காத்திருக்கிறது: ரஷ்ய நாடக இயக்குநர் மேயர்ஹோல்டின் நடிப்புப் பயிற்சியான 'பயோமெக்கானிக்ஸ்'. 'உயிர்விசையியல்' உடற்கூறு வகுப்புக்குப் போய்விட்டது, அதை மட்டும் யாரும் சொல்லாதீர்கள்.