சன்ரிகு கடற்கரை: அலை அழித்த இடத்திலேயே மீண்டும் ஊர்கள் எழுந்தது ஏன்?

ஆசிரியை, பாயான் லெப்பாஸ்

வணக்கம். ஜப்பானின் வடகிழக்கில் உள்ள சன்ரிகு கடற்கரையைப் பற்றி எங்கள் பள்ளிப் புவியியல் மன்றத்தில் பேசி வருகிறேன். 1896, 1933, 2011 ஆகிய ஆண்டுகளில் ஆழிப்பேரலை அக்கரையைச் சூறையாடியது. 2004இல் எங்கள் பினாங்குத் தீவின் பத்து பெரிங்கியில் கடல் புகுந்த கதையைப் பெற்றோரிடம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், "அத்தனை முறை அடிபட்டும் ஏன் அங்கேயே திரும்பினார்கள், டீச்சர்?" என்கிறார்கள். வறுமை என்று ஒரே சொல்லில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் உதவ வேண்டும்.

கடல்வழி, பட்டர்வொர்த்

நிலத்தின் அமைப்பிலிருந்து தொடங்குவது நல்லது, டீச்சர். அமோரி, இவாத்தே, மியாகி மாநிலங்களை ஒட்டி நீளும் அக்கரையில், மியாகோ நகருக்கு வடக்கே கடலோரம் செங்குத்துப் பாறையாக நிற்கிறது. தெற்கே, பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குகளுக்குள் கடல் ஏறியதால் உண்டான குறுகிய, ஆழமான விரிகுடாக்கள் வரிசையாக உள்ளன. படகைக் கட்டி நிறுத்த அவற்றைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் புனலில் ஊற்றிய நீரைப் போல, அகன்ற வாயில் நுழையும் பேரலை உள்ளே போகப்போக நெருக்கப்பட்டு உயர்கிறது. மலைகள் கடல்வரை இறங்குவதால், வீடு கட்டத் தோதான சமநிலம் பெரும்பாலும் விரிகுடாவின் உட்கோடியில்தான் இருக்கிறது. அலை மிக உயரமாக எழுவதும் அங்கேதான்.

கரைக்கு அப்பால் குளிர்ந்த ஒயாஷியோ நீரோட்டமும் வெப்பமான குரோஷியோ நீரோட்டமும் சந்திப்பதால், உலகின் சிறந்த மீன்வளப் பகுதிகளில் ஒன்றாக அது விளங்குகிறது. மேலும் கிழக்கே, ஜப்பான் அகழி என்னும் ஆழ்கடல் பள்ளத்தில், பசிபிக் தட்டு என்ற பெரும் பாறைப்பாளம் ஆண்டுக்கு ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் வேகத்தில் ஜப்பானுக்குக் கீழே புகுந்துகொண்டிருக்கிறது; ஆழிப்பேரலையைக் கிளப்பும் நிலநடுக்கங்கள் அதனால்தான் வருகின்றன. சோறு போடும் கடலும் உயிர் குடிக்கும் கடலும் அங்கே ஒன்றாகவே அமைந்துவிட்டன.

பழைய ஏடு, ஜார்ஜ்டவுன்

மேலே உள்ள விளக்கம் சரியானதே. ஆயினும் முழு விடை வரலாற்றில் இருக்கிறது. 1896 ஜூன் 15 அன்று நில அதிர்வு மெலிதாகவே உணரப்பட்டது; அதைப் பொருட்படுத்தாமல் பண்டிகை கொண்டாடிய மக்களில் ஏறத்தாழ 22,000 பேர் மாண்டனர். நடுக்கடலில் மீன்பிடித்தவர்கள் அலை தங்களைக் கடந்ததையே உணராமல், கரை திரும்பியபோதுதான் ஊர் இல்லாததைக் கண்டார்கள். பிறகு மேட்டுக்குக் குடியேறிய பலர், படகையும் வலையையும் விட்டுத் தொலைவில் வாழ இயலாமல், சில ஆண்டுகளில் கீழே இறங்கினர். 1933 மார்ச் 3 அன்று மீண்டும் சுமார் 3,000 பேரைக் கடல் கொண்டுபோயிற்று.

எல்லா ஊரும் இறங்கிவிடவில்லை என்பதை மாணவர்களிடம் அழுத்திச் சொல்லுங்கள். யோஷிஹாமா என்ற சிற்றூர் 1896க்குப் பிறகு வீடுகளை உயரத்துக்கு மாற்றிக்கொண்டு, தாழ்நிலத்தை வயலாக்கியதால், 2011இல் அங்கே இழப்பு மிகக் குறைவு. அனேயோஷியில், இதற்குக் கீழே வீடு கட்டாதே என்று 1933க்குப் பின் நாட்டிய கல்லை மக்கள் மதித்தார்கள். 2011 அலை அக்கல்லை எட்டாமலே நின்றது. ஆகவே வறுமையை மட்டும் காரணமாகக் காட்டுவது அந்த மக்களுக்குச் செய்யும் அநீதி என்பேன். ஊராகச் சேர்ந்து இடம் மாறிய இடங்களில் மாற்றம் நிலைத்தது; குடும்பம் குடும்பமாகத் தனித்து ஏறிய இடங்களில் பெரும்பாலும் நிலைக்கவில்லை.

நீலக்கரை, கோலாலம்பூர்

தடுப்புச் சுவரையும் சேர்த்துப் பேசுங்கள். தாரோ ஊரார் 1934இல் தொடங்கிப் பல்லாண்டு உழைத்து, 10 மீட்டர் உயரத்தில் மொத்தம் ஏறக்குறைய 2.4 கிலோமீட்டர் நீளமுள்ள சுவர்களை எழுப்பினர். 2011இல் அலை அதைத் தாண்டியது. ஃபுதாய் கிராமத்திலோ, 1933 பேரழிவைக் கண்ட தலைவர் கொத்தோகு வாமுரா, வீண்செலவு என்ற எதிர்ப்பை மீறி 15.5 மீட்டர் உயர வெள்ளத் தடுப்புக் கதவைக் கட்டவைத்தார். 1984இல் முடிந்த அக்கதவையும் அலை தாண்டியது. எனினும் அதன் வேகம் அங்கேயே அடங்கியதால் ஊர் தப்பியது. சுவரே வீண் என்றும், சுவர் ஒன்றே போதும் என்றும் சொல்லிவிட முடியாது.

ஆசிரியை, பாயான் லெப்பாஸ்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. யோஷிஹாமாவையும் தாரோவையும் வரைபடத்தில் அருகருகே காட்டி, மேட்டுக்குப் போனால் படகை எங்கே வைப்பது என்ற கேள்வியை முதலில் பிள்ளைகளிடமே விடப் போகிறேன்.