பழைய எம்எக்ஸ்-5: காலையில ஐடிலிங் நிக்கல, சூடானா நார்மல்

சிவப்பு_ரோட்ஸ்டர்:
வணக்கம் மக்களே, என்கிட்ட இருக்கறது 1991 மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 இன்ஜின். ராத்திரி முழுக்க நின்ன வண்டிய காலையில எடுத்தா உடனே ஸ்டார்ட் ஆயிடுது, ஆனா அடுத்த செகண்டே ஆர்பிஎம் 500க்கு இறங்கி திணறுது, ஆக்ஸிலேட்டர்ல கால வச்சுக்கிட்டே இருக்கணும் இல்லேன்னா ஆஃப் ஆயிடும். டெம்பரேச்சர் முள் மேல வந்துட்டா 850ல அசையாம நிக்குது. பிளக், பிளக் வயர், பெட்ரோல் ஃபில்டர் எல்லாம் புதுசு. மெக்கானிக் ஐடில் ஸ்க்ரூவ ஏத்தி விடலாம்ங்கறார், எனக்கு மனசு ஒப்பல.

கிரீஸ்கை:
ஸ்க்ரூவ தொடவே விடாதீங்க ப்ரோ. சூடுல 850 நிக்குதுன்னா அந்த செட்டிங் சரியாத்தான் இருக்கு, இப்ப ஏத்துனா காலையில நிக்கும் ஆனா அப்புறம் சிக்னல்ல சும்மா நிக்கும்போது கத்திக்கிட்டு இருக்கும்.

ஆக்ஸிலேட்டர மிதிச்சா திறந்து இன்ஜினுக்கு காத்து விடற த்ராட்டில் பாடிக்கு அடியில ஐடில் வால்வு இருக்கு பாருங்க, அதுக்குள்ள மெழுகு வச்ச ஒரு சின்ன ஏர் வால்வு தனியா உண்டு. இன்ஜின் குளுந்து இருக்கும்போது அது திறந்து கூடுதல் காத்து விடும், அதனாலதான் காலையில ஆர்பிஎம் 1200, 1500ன்னு நிக்கறது. கூலன்ட் சூடாக சூடாக மெழுகு விரிஞ்சு வால்வ மூடிடும். உங்களுது கார்பன் அடைச்சு மூடின நிலையிலேயே மாட்டிக்கிட்டு இருக்கும்னு நினைக்கறேன். கழட்டி குளுந்த நிலையில வாயால ஊதிப் பாருங்க, காத்து போகணும்.

டைமிங்_10:
கிரீஸ்கை சொல்றதுதான் முதல் சந்தேகம், ஆனா அத கழட்டறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர எடுத்து கூலன்ட் சென்சார பாத்துடுங்க, அஞ்சு நிமிஷ வேலை. இன்ஜினுக்குப் பின்பக்கம் ரெண்டு இருக்கும், ஒத்த வயர் போறது மீட்டர் முள்ளுக்கு, ரெண்டு வயர் உள்ளதுதான் ஈசியுவுக்கு, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டருக்கு. முள் ஒழுங்கா ஏறுதுன்னா அந்த ரெண்டாவது சென்சாரும் நல்லா இருக்குன்னு ஆயிடாது. 20 டிகிரியில 2.2லேர்ந்து 2.7 கிலோ ஓம் காட்டணும், 80ல 0.3 கிட்ட வரும். குளுந்த இன்ஜின்லயே ரொம்ப கம்மியா காட்டுனா, இன்ஜின் சூடா இருக்குன்னு நினைச்சு ஈசியு பெட்ரோல குறைச்சுடும்.

அப்படியே உள்ள போற காத்த அளக்கற ஏர்ஃப்ளோ மீட்டர்லேர்ந்து த்ராட்டிலுக்கு வர்ற ரப்பர் ஹோஸையும் பாருங்க, மடிப்புக்குள்ள விரிசல் ஒளிஞ்சிருக்கும், கையால இழுத்து விரிச்சாத்தான் தெரியும். அதுவழியா போற காத்து மீட்டர் கணக்குலயே வராது.

சிவப்பு_ரோட்ஸ்டர்:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும்! சென்சார் 2.4 காட்டுது, ஹோஸ் நல்லா இருக்கு. வால்வ இறக்கிட்டேன், ஓட்டை முழுக்க கரி கெட்டியா தார் மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு, ஊதுனா துளி காத்து போகல. கார்ப் கிளீனர்ல ஊற வச்சு கிளீன் பண்ணதும் போகுது. சுடுதண்ணில போட்டா மெதுவா மூடுது. மாட்டும்போது வேற ஏதாவது கவனிக்கணுமா?

கிரீஸ்கை:
சூப்பர், அப்ப மெழுகு உயிரோடதான் இருக்கு, புதுசு வாங்க வேண்டாம். கேஸ்கட்ட மட்டும் புதுசா போடுங்க. கூலன்ட் ஊத்தி ஏர் சுத்தமா எடுத்துடுங்க, இத விட்டுடாதீங்க, ஏன்னா வால்வுக்குள்ள ஏர் நின்னா சூடான கூலன்ட் மெழுகுகிட்ட வராது, வால்வு திறந்தே இருந்து சூடுலயும் ஆர்பிஎம் இறங்காது. இன்ஜின் சூடானதும் வால்வுக்குப் போற ரெண்டு சின்ன ஹோஸையும் தொட்டுப் பாருங்க, ரெண்டும் ஒரே மாதிரி சுடணும்.