50 மீட்டரில் குரூப் விரிகிறது: பேரல் தேய்ந்துவிட்டதா?

தேவனாம்பட்டினத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். கிளப்பில் எல்லாரும் மாற்றி மாற்றிச் சுடும் .22 எல்.ஆர். என்ற சிறு தோட்டா போடும் போல்ட் ரைபிள் (போல்ட் என்பது கையால் இழுத்துத் தள்ளி மூடும் பூட்டு). போன சீசன் வரை மணல் பையில் சாய்த்துச் சுட்டால் 50 மீட்டரில் பத்து தோட்டாவும் 16 மி.மீ.க்குள் விழும். இப்போது அதே பிராண்டு, அதே லாட் (தயாரிப்புத் தொகுதி). குரூப் (துளைகள் பரவும் அகலம்) 28, 30 என்று போகிறது. நடுவில் ஒன்றிரண்டு சம்பந்தமே இல்லாமல் எட்டாம் வளையத்துக்கு ஓடிவிடுகிறது.

கிளீனிங் விவரம்: மூன்று துண்டாகத் திருகிச் சேர்க்கும் அலுமினிய ராட். பேரலின் (குழலின்) வாய்ப்பக்கம் வழியாக விட்டு இழுப்பதுதான் இங்கே வழக்கம். முடித்ததும் எண்ணெய் தடவி ஸ்பான்ஞ் வைத்த பெட்டியில் மூடிவிடுவோம். ரேஞ்சிலிருந்து கடல் கூப்பிடு தூரம்தான்.

"பேரல் அஞ்சாயிரம் ரவுண்டுதான் தாங்கும், இதுக்கு ஆயுசு முடிஞ்சிருச்சு" என்கிறார்கள் சீனியர்கள். புதுப் பேரல் என்றால் இறக்குமதி, உரிமத்தில் பதிவு, காத்திருப்பு எல்லாம் இருக்கிறது. நிஜமாகவே தேய்ந்துவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உப்பளம்_50மீ:

அந்த ஐயாயிரம் கணக்கு .308 மாதிரி சென்டர்ஃபயர் (தோட்டா அடியின் நடுவில் பின் குத்தும்) ரைபிளுடையது தம்பி. .22க்கு அதைப் பொருத்தவே கூடாது.

சென்டர்ஃபயரில் பேரலைத் தின்பது புல்லட் இல்லை, வெடிமருந்தின் சூடு. .308 தோட்டாவில் கிட்டத்தட்ட 2.9 கிராம் மருந்து. அழுத்த உச்சவரம்பு 62,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு). அந்தச் சுவாலை முதலில் அறைவது சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) முடிந்து ரைஃப்ளிங் (புல்லட்டைச் சுழற்றும் பள்ளங்கள்) தொடங்கும் இடத்தை. த்ரோட் என்பது அதைத்தான். ஒவ்வொரு வெடிப்பிலும் அங்கே இரும்பின் மேல்தோல் ஒரு கணம் கடுமையாகச் சூடேறி உடனே குளிர்கிறது. மருந்துப் புகையிலுள்ள கார்பனும் நைட்ரஜனும் அந்தத் தோலில் ஏறி அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவருகின்றன. பிறகு வலைவலையாக விரிசல் விழுகிறது. வெயிலில் காய்ந்த ஏரி வண்டல் எப்படி இருக்குமோ அப்படித்தான் போர்ஸ்கோப்பில் (குழலுக்குள் பார்க்கும் கருவி) தெரியும். விரிசலின் ஓரங்கள் துணுக்குத் துணுக்காகப் பெயர்ந்து, ரைஃப்ளிங் தொடங்கும் இடமே முன்னால் நகர்ந்துகொண்டு போகும். புல்லட் பிடிப்பில்லாமல் கூடுதல் தூரம் தாவி, கொஞ்சம் சாய்ந்தபடி ரைஃப்ளிங்கில் நுழையும். குறி கெடுவது அங்கேதான்.

அதனால்தான் குறுகிய துளைக்குப் பின்னால் நிறைய மருந்து அடைத்த தோட்டாக்கள் பேரலைச் சீக்கிரம் முடிக்கின்றன. போட்டித் தரத் துல்லியம் .308இல் 5,000 ரவுண்டு தாண்டியும் நிற்கும், 6.5 கிரீட்மோரில் 2,000 முதல் 3,000 வரை; .243இல் அதற்கும் கீழே. சூடு ஆறவிடாமல் தொடர்ந்து சுட்டால் இந்தக் கணக்கெல்லாம் பாதியாகிவிடும்.

.22 எல்.ஆரில் மருந்து 0.1 கிராம் சுமார். அழுத்த வரம்பு 24,000 பிஎஸ்ஐ. புல்லட் மெழுகு பூசிய வெறும் ஈயம், 2.6 கிராம். ஒழுங்காக வைத்திருந்தால் பல பத்தாயிரம் ரவுண்டு போகும். சுட்டுச் சுட்டுக் கெட்ட .22 பேரலைவிட, துடைத்துத் துடைத்துக் கெடுத்த .22 பேரல்தான் அதிகம். நீங்கள் சொல்லும் ராட் விவரத்தைப் படித்ததும் எனக்குச் சந்தேகம் அங்கேதான் போகிறது.

கெடிலம்:

பேரல் மேல் பழி போடுவதற்கு முன் மற்றதையெல்லாம் கழித்துவிடுங்கள். ஆக்‌ஷனை (போல்ட் ஓடும் உலோகப் பாகத்தை) ரைபிள் கட்டையோடு பிடிக்கும் இரண்டு ஸ்க்ரூவையும் டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்), தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். கைக்கணக்கு வேண்டாம். டயாப்டரும் (பின் சைட்) முன் சைட்டும் ஆடுகிறதா என்று பாருங்கள். பிறகு முன்னும் பின்னும் மணல் பை வைத்து, காற்றில்லாத காலை நேரத்தில், ஒரே லாட்டில் பத்து பத்தாக ஐந்து டார்கெட். அடுத்து வேறு லாட்டில் அதேபோல் ஐந்து. ஒரே ஒரு டார்கெட்டை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

குரூப்பின் வடிவத்தைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மேலும் கீழுமாக நீள்கிறதென்றால் வேகம் ஏறி இறங்குகிறது: தோட்டா லாட், இல்லையென்றால் ஃபயரிங் பின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். வேகத்தில் நொடிக்கு 10 மீட்டர் குறைந்தாலே 50 மீட்டரில் சுமார் 7 மி.மீ. கீழே இறங்கும். பத்தாம் வளையத்தின் அகலமே 10.4 மி.மீ.தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சுட்ட கேஸ்களை (வெற்றுத் தோட்டாக் கூடு) பத்து பொறுக்கி வரிசையாக வைத்துப் பாருங்கள்; விளிம்பில் பின் குத்திய தடத்தின் ஆழம் ஒன்றுபோல் இருக்க வேண்டும். இரண்டு தனித்தனிக் கூட்டமாக விழுந்தால் ஸ்க்ரூ அல்லது சைட். எல்லாப் பக்கமும் சமமாக விரிந்தால்தான் பேரல் பக்கம் திரும்ப வேண்டும்: கிரவுன் (பேரல் வாயின் விளிம்பு), ஈயம் ஒட்டியது, கார்பன் வளையம், துரு. இந்த நான்கில் ஒன்று.

கிரவுனைப் பார்க்க மைக்ராஸ்கோப் தேவையில்லை. போல்ட்டைக் கழற்றி, சேம்பர் காலி என்று உறுதி செய்துகொண்டு, காது குடையும் பஞ்சுக்குச்சியைப் பேரல் வாயில் ஒரு செ.மீ. உள்ளே விட்டு, விளிம்போடு ஒட்டி வெளியே இழுங்கள். சுற்றிச் சுற்றி எல்லாப் பக்கமும். எங்கே பிசிறு இருக்கிறதோ அங்கே பஞ்சு நூல் மாட்டும். இன்னொன்று, சுட்ட பிறகு துடைக்காமல் வாயின் முகத்தைப் பாருங்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நேராகக் கரியும் மெழுகும் ஒரு இதழ் வரைந்திருக்கும். இதழ்கள் ஒரே நீளமாக, நட்சத்திரம்போல் இருந்தால் கிரவுன் நலம். ஒரு பக்கம் நீண்டு ஒரு பக்கம் அழிந்திருந்தால் அங்கே விளிம்பு போய்விட்டது. புல்லட் வெளியேறும் அந்த ஒரு கணத்தில் அந்தப் பக்கம் வெடிவாயு முந்திக்கொண்டு புல்லட்டின் அடியைத் தள்ளிவிடும்.

லாஸ்பேட்டை_ஷூட்டர்:

செம்புக் கறை சேர்ந்திருக்கும் ப்ரோ. அமோனியா சால்வென்ட் ஊத்தி ராத்திரி முழுக்க ஊற வெச்சிட்டு காலைல துடைங்க. புதுசு மாதிரி ஆயிடும்.

உப்பளம்_50மீ:

ஐயையோ, வேண்டாம். .22 மேட்ச் புல்லட்டில் செம்பே கிடையாது, அமோனியா எதைக் கரைக்கும்? செம்பு ஜாக்கெட் போட்ட சென்டர்ஃபயருக்கானது அது. அதிலும் 10, 15 நிமிடத்துக்கு மேல் விட்டால் இரும்பையே அரிக்கக்கூடும். பேட்ச் (துடைக்கும் துணித்துண்டு) நீலமாக வந்தால் செம்பு என்று அர்த்தம்; பித்தளை ஜேக் (ராட் நுனியில் பேட்சைப் பிடிக்கும் முனை) போட்டிருந்தால் அதுவே கரைந்து நீலம் காட்டி ஏமாற்றும்.

.22இல் தேட வேண்டியது கார்பன் வளையம். சேம்பர் முடிந்து ரைஃப்ளிங் பிடிக்கும் முதல் இரண்டு செ.மீ.க்குள் கரியும் மெழுகும் ஈயமும் சேர்ந்து கண்ணாடிபோல் இறுகிவிடும். பெரும்பாலும் அடிப்பக்கம், ஆறு மணி நிலையில். மென்மையான ஈயப் புல்லட் அதில் ஒரு பக்கம் உரசிக்கொண்டு நுழைவதால்தான் காரணமே தெரியாத அந்த எட்டாம் வளையச் சில்லறைகள் வரும். போல்ட் மூடும்போது கடைசியில் லேசாக இறுகினால் அதுவும் அறிகுறி.

எடுக்கும் முறை: போல்ட்டைக் கழற்றுங்கள். பின்பக்கம் போர் கைடு (ராடை நேராக விடும் குழாய்), ஒரே துண்டு ராட் (கார்பன் ஃபைபர் அல்லது உறை போட்ட ஸ்டீல்). பேரல் வாய் சற்றுத் தாழ்ந்திருக்கட்டும். சால்வென்ட் ட்ரிகருக்குள்ளும் கட்டைக்குள்ளும் இறங்கக் கூடாது. கார்பன் கரைக்கும் சால்வென்டில் நனைத்த பேட்ச் ஒன்று, பத்து நிமிடம் ஊறல். அப்புறம் நனைத்த வெண்கல பிரஷை அந்த இரண்டு செ.மீ. பகுதியில் மட்டும் குட்டிக் குட்டியாகப் பத்து தடவை. பிறகு காய்ந்த பேட்ச், வெள்ளையாக வரும்வரை. பேட்ச் வாய்க்கு வெளியே வந்ததும் அங்கேயே எடுத்துவிடுங்கள்; ராடைத் திரும்ப இழுக்கும்போது ஜேக் கிரவுனில் இடிக்காமல் மெதுவாக. ஒவ்வொரு தடவையும் ராடைத் துணியால் துடையுங்கள். அந்த இரண்டு செ.மீ.யைத் தாண்டிவிட்டால், பிரஷைப் பேரலுக்கு நடுவில் வைத்துத் திசை மாற்ற முயலாதீர்கள், சிக்கிக்கொள்ளும்.

அந்த அலுமினிய ராடைத் தூக்கிப் போடுங்கள். மென்மையான உலோகத்தில் மணல் துகள் பதிந்துவிடும். கடற்கரை ஊரில் மணலுக்குப் பஞ்சமா? பிறகு அது ராட் இல்லை, அரம். பழைய .303 ரைபிள்களில் நூல்கயிறு போட்டுச் சாய்வாக இழுத்தே வாயை ஒரு பக்கம் தேய்த்துவிடுவார்கள், அதற்கென்றே கார்ட் வேர் என்று பெயர் வைத்தார்கள். கயிறே தேய்க்குமென்றால் அலுமினியத்தைக் கேட்பானேன்.

அரியாங்குப்பம்:

துருவைப் பற்றி யாரும் பேசவில்லையே. நம் ஊரில் அதுதான் முதல் எதிரி.

ஸ்பான்ஞ் பெட்டி எடுத்துப்போக மட்டுமே. வைத்துப் பூட்ட அல்ல. ஸ்பான்ஞ் ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சி, பேரலோடு ஒட்டி வைத்திருக்கும். அலமாரியில் நிறுத்தி வையுங்கள், வாய் கீழ்நோக்கி இருந்தால் எண்ணெய் ட்ரிகருக்குள் இறங்காது. சிலிக்கா ஜெல் நீலம் மாறி இளஞ்சிவப்பானால் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்தால் நீலம் திரும்பும் (அந்த வாணலியைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள்). ஐப்பசி, கார்த்திகையில் வாராவாரம் ஒரு எண்ணெய் பேட்ச். ஏசி அறையிலிருந்து நேராக ரேஞ்சுக்குக் கொண்டுவந்தால் உள்ளும் புறமும் வியர்த்துவிடும். பெட்டியைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளிச்சூட்டுக்குப் பழக விடுங்கள். சுடுவதற்கு முன் காய்ந்த பேட்ச் இரண்டு விட்டு எண்ணெயை எடுத்துவிட வேண்டும். துடைத்த பேரல் பழைய குரூப்புக்குத் திரும்ப பத்து, பதினைந்து தோட்டா கேட்கும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடியும் துடைப்பவர்கள் உண்டு.

பழைய ராணுவத் தோட்டா சுடும் ரைபிள் யாரிடமாவது இருந்தால் ஒரு எச்சரிக்கை. அந்தக் கால பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் பொறி) பொட்டாசியம் குளோரைடு உப்பை விட்டுச் செல்லும். எண்ணெய் அதைக் கரைக்காது, மூடி மட்டும் வைக்கும். முதலில் தண்ணீர், அதுவும் வெந்நீர். நன்றாகக் காய்ந்த பிறகுதான் எண்ணெய்.

தேவனாம்பட்டினத்தான்:

ரொம்ப நன்றி அண்ணா. ஸ்க்ரூ இரண்டும் சரியாகத்தான் இருந்தன. பஞ்சுக்குச்சி நான்கு மணிப் பக்கம் இரண்டு இடத்தில் மாட்டுகிறது, நட்சத்திரத்திலும் அதே பக்கம் இதழ் மழுங்கியிருக்கிறது. கார்பனைச் சொன்ன மாதிரி எடுத்த பிறகு ஓடிப்போகிற தோட்டா நின்றுவிட்டது; குரூப் 22க்கு வந்திருக்கிறது. கிரவுனை மட்டும் சரிசெய்ய முடியுமா?

கெடிலம்:

முடியும், ஆனால் டிரில்லில் பித்தளைத் திருகுத் தலையை மாட்டி அரைத்துக்கொள்ளும் வீட்டு வைத்தியம் வேண்டாம். சட்டப்படியும் பழுதுபார்க்கும் உரிமம் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம்தான் கொடுக்க வேண்டும். லேத்தில் துளையின் மையத்தை வைத்துப் பிடித்து 11 டிகிரியில் புது முகம் எடுக்கச் சொல்லுங்கள். பேரலின் வெளிவட்டத்தை வைத்து மையம் பிடித்தால் வேலை வீண், துளை வெளிவட்டத்துக்கு நடுவில் இருக்கும் என்று நிச்சயமில்லை. எடுப்பது ஒரு மி.மீ.க்கும் குறைவாக இருக்கட்டும். பல .22 மேட்ச் பேரல்களில் வாய்ப்பக்கம் துளையைக் கொஞ்சம் இறுக்கி முடித்திருப்பார்கள். செ.மீ. கணக்கில் வெட்டினால் அந்த இறுக்கம் போய்விடும், பிறகு எந்த லாட் போட்டாலும் 16 திரும்பாது.