புதுப்பிப்பு: மிதக்கும் மெட்டல் டிடெக்டரை அடக்குவது

நீருக்கடியில் டிடெக்டரின் காயில் (coil, உலோகத்தை உணரும் அடித்தட்டு) மேலே எழும்பாமலிருக்க, தண்டின் அடியில் ஈயக்கட்டி கட்டலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். அது தவறு. ஈயமும் உலோகம்தான், இம்மியளவு அசைந்தாலும் பொய்ச் சத்தம் எழுப்பும்.

முதல் குற்றவாளி, தண்டுக்குள் அடைபட்ட காற்று. உள்ளே ஒயரோ பேட்டரியோ இல்லாத தண்டு என்றால் இரு முனைகளிலும் 6 மி.மீ. துளை போடுங்கள். கார்பன் ஃபைபர் தண்டில் துளை விளிம்புக்கு எபாக்ஸி பசை பூசாவிட்டால் இழை பிரியும்.

பிறகும் மிதந்தால், எபாக்ஸியில் குழைத்த மணலைக் காயிலின் உறைக்குள் 50 கிராம் வீதம் சேருங்கள். மணலில் முதலில் காந்தத்தை ஓட்டுங்கள். துகள் ஒட்டினால் அந்த மணல் ஆகாது. லிட்டருக்கு 35 கிராம் உப்பு கரைத்த நீரில்தான் சோதிக்க வேண்டும், நல்ல தண்ணீரில் மூழ்குவது கடலில் மிதக்கலாம். மெல்ல மூழ்கினால் போதும்.

நீளமாக இருக்கிறதே என்று காயிலின் கேபிளை மட்டும் வெட்டாதீர்கள், ட்யூனிங் கெடும். வெல்க்ரோவால் தண்டோடு இறுக்கிச் சுற்றுங்கள்.