புயல்கால அலமாரிக்குப் பழ டின்: இருபது வருடம் தாங்குமா?

உப்பளத்தான் (வாலிநோக்கம்)
மூன்று நாளாக எந்தக் குழுவைத் திறந்தாலும் இதே செய்திதான்: "புயல் வரும் முன் அன்னாசி, பீச், பழக்கலவை டின்களை வாங்கி அடுக்கிவிடுங்கள். இருபது வருடத்துக்குக் கவலையே இல்லை." இதை எழுதிய மகான் யாரென்று தெரியவில்லை. கடலோரத்தில் குடியிருந்தவராக மட்டும் இருக்க முடியாது. எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியே உப்புக்காற்றில் பொரிந்து உதிர்கிறது. இவர் தகர டின்னை இருபது வருடம் வைப்பாராம்.

பழ டின் புளிப்புச் சரக்கு. அமெரிக்க விவசாயத் துறை பழம், தக்காளி மாதிரிப் புளிப்பு டின்களுக்குச் சொல்வது 12 முதல் 18 மாதம். இறைச்சி, மீன், பட்டாணி டின்களுக்குத்தான் 2 முதல் 5 வருடம். பழ டின்னை உள்ளே புளிப்பு தின்கிறது, வெளியே உப்பு தின்கிறது. இருபது எங்கிருந்து வந்தது?

கீழக்கரை காக்கா
எங்கள் தெருக் குழுவில் அதைப் போட்டவன் நான்தான் தம்பி. மகான் என்றதற்கு நன்றி.

1865-ல் அமெரிக்காவில் மிசௌரி ஆற்றில் பெர்ட்ராண்ட் என்ற நீராவிக் கப்பல் மூழ்கியது. 1968-ல் கண்டுபிடித்துத் தோண்டினார்கள். உள்ளே பீச் பழம், தக்காளி, சிப்பி எல்லாம் அடைத்த டின் சரக்கு. 1974-ல் வேதியியல்காரர்கள் திறந்து சோதித்தார்கள். கிருமி வளரவே இல்லை. சாப்பிட்டாலும் ஒன்றும் ஆகாது என்றார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 109 வருடம். நான் பயந்துபோய் இருபதோடு நிறுத்திக்கொண்டேன்.

உப்பளத்தான் (வாலிநோக்கம்)
வந்துவிட்டது பெர்ட்ராண்ட். அந்தச் சரக்கு கிடந்தது ஆற்றுச் சேற்றுக்கடியில். காற்று இல்லை, வெயில் இல்லை, குளிர்ச்சி. நீங்கள் வைத்திருப்பது காங்கிரீட் கூரைக்குக் கீழே பரணில். மே மாதம் அந்தப் பரணில் கை வைத்துப் பார்த்தீர்களா? டின் உணவை 30 டிகிரிக்குக் கீழே வை என்கிறார்கள். 38-ஐத் தாண்டினால் கெடுவது வேகமெடுக்கும். ஆற்றுச் சேறும் கீழக்கரைப் பரணும் ஒன்றா?

இன்னொரு விஷயத்தையும் சௌகரியமாக விட்டுவிட்டீர்கள். அந்தச் சரக்கில் புது வாசனையும் தோற்றமும் போய்விட்டிருந்தன. வைட்டமின் சி, ஏ பெரும்பகுதி காலி. மனிதன் பழம் சாப்பிடுவதே வைட்டமின் சி-க்காக. அது இல்லாத பழத்துக்கு எதற்கு அலமாரி?

அப்புறம், அந்த பீச் பழம் பிராந்தியில் போட்டது. உங்கள் தெருக் குழுவில் அதையும் சேர்த்துச் சொன்னீர்களா?

கீழக்கரை காக்கா
பிராந்தி பேச்சு எதற்கு? தக்காளியும் இருந்தது. தக்காளியை யாரும் பிராந்தியில் போடவில்லை. தக்காளியும் புளிப்புத்தான், நீங்களே சொன்னீர்கள். 109 வருடம்.

மண்டபம் மச்சான்
நானும் கேட்கிறேன், நம்ம ஊரில் எதற்கு அன்னாசி டின்? கருவாடு இருக்கிறது. கருப்பட்டி இருக்கிறது. பனங்கிழங்கைக் காயவைத்தால் ஒடியல். பேரீச்சம்பழம் காக்கா வீட்டில் மூட்டையாக இருக்கும். நம்ம பாட்டிமார் எந்த டின்னைப் பார்த்தார்கள்?

தங்கச்சிமடம் டீச்சர்
கருவாடு பழமா மச்சான்? ஒடியலை வேகவைக்கத் தண்ணீர் வேண்டும், அடுப்பு வேண்டும். புயல் நேரத்தில் கரண்ட் போனால் மோட்டார் நிற்கும், காவிரித் தண்ணீரும் வராது. தள்ளுவண்டியில் குடத்தை வைத்துக்கொண்டு யாரைத் தேடிப் போவது? டின் பழத்தில் எனக்குப் பிடித்ததே அதுதான்: சமைக்க வேண்டாம், உள்ளே இருக்கிற சாற்றையும் குடிக்கலாம். காய்ந்த சரக்கு எல்லாம் தண்ணீர் கேட்கும், இது தண்ணீர் கொடுக்கும்.

வாங்கும்போது பாகில் போட்டதா, சாற்றில் போட்டதா என்று பாருங்கள். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் சாறு அல்லது வெறும் தண்ணீரில் போட்டதுதான் சரி. லேபிளில் மொத்த எடையோடு, வடித்த பழத்தின் எடையும் தனியாக இருக்கும். காசு கொடுப்பதற்கு முன் அந்த இரண்டாவது எண்ணைப் பாருங்கள்.

கீழக்கரை காக்கா
டீச்சர் சொல்வது சரி, ஆனால் பாகுதான் உத்தமம். சர்க்கரைதான் பழத்தைக் கெடாமல் காக்கிறது. அதனால்தான் 109 வருடம்.

உப்பளத்தான் (வாலிநோக்கம்)
இல்லை. இல்லவே இல்லை. டின் பழம் கெடாமல் இருப்பது அடைத்துச் சூடாக்குவதால். காற்றுப் புகாமல் மூடி, உள்ளே இருக்கிற கிருமியைச் சூட்டில் கொல்கிறார்கள். பாகு நிறத்தையும் ருசியையும் பழத்தின் உறுதியையும் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். வெறும் தண்ணீரில் போட்டதும் கெடாது. பி.எச். என்பது புளிப்பை அளக்கிற எண், அது குறையக் குறையப் புளிப்பு கூடும். அது 4.6-க்குக் கீழே இருந்தால், கொல்லும் நஞ்சு உண்டாக்குகிற போட்டுலினம் கிருமி வளர முடியாது. பழத்துக்குக் கொதிநீர்ச் சூடு போதும், கறிக்கும் பட்டாணிக்கும் பிரஷர் வேண்டும் என்பது அதனால்தான். காக்கும் புளிப்பேதான் தகரத்தையும் அரிக்கிறது. இந்த ஒரு விஷயம் புரிந்தால் நீங்கள் இருபது என்று எழுதியிருக்க மாட்டீர்கள்.

இன்னும் கேளுங்கள். அன்னாசி, பீச், பேரி மாதிரி வெளிர்நிறப் பழங்களின் டின்னில் பல நேரம் உள்பக்கத்துக்குப் பூச்சு கொடுக்க மாட்டார்கள். வெறும் வெள்ளீயமாகவே விடுவார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து பழத்தின் நிறம் கருக்காமல் பார்த்துக்கொள்ளும். செர்ரி மாதிரிச் சிவப்புப் பழத்துக்கு அப்படி விட்டால் நிறம் வெளுத்துவிடும் என்று உள்ளே லாக்கர் என்கிற பூச்சு அடிப்பார்கள். ஆக, அன்னாசி டின் என்பது தன்னைக் கரைத்துக்கொண்டே காவல் நிற்கிற பாத்திரம். அது எத்தனை காலம் நிற்கும்? நூற்றாண்டா?

உச்சிப்புளி தம்பி
ஒரு சந்தேகம். கெட்டுப்போவது என்றால் எது? வயிற்றுக்கு ஆபத்தா, ருசி போவதா? 18 மாதம் என்பது ருசிக்குப் போட்ட கெடு மாதிரித் தெரிகிறது. 109 என்பது ஆபத்து இல்லை என்கிற கணக்கு. இரண்டு பேரும் வேறு வேறு விஷயம் பேசுகிறீர்களோ?

உப்பளத்தான் (வாலிநோக்கம்)
தம்பி, ஆற்றுச் சேறு வேறு, பரண் வேறு. அதைத்தான் பேசுகிறோம்.

கீழக்கரை காக்கா
தம்பி, 109 என்பது 109. அதில் என்ன சந்தேகம்?

பாம்பன் பாலத்தான்
2024 நவம்பர் 20-ஐ மறந்துவிட்டீர்களா? ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் வீட்டில் கீழ்த்தட்டு வரை தண்ணீர். டின் எல்லாம் நல்லாத்தான் இருந்தது, லேபிள்தான் உரிந்து மிதந்தது. எது அன்னாசி, எது பட்டாணி என்று தெரியாமல் குலுக்கிப் பார்த்துத் திறந்தோம். வாங்கிய அன்றே அழியாத மார்க்கரில் தகரத்தின் மேலேயே பெயரும் தேதியும் எழுதிவையுங்கள். வருடச் சண்டையெல்லாம் அதற்கப்புறம்.

மண்டபம் மச்சான்
குலுக்கிப் பார்த்தா? வெள்ளத்தில் நனைந்த டின்னைக் கழுவாமல் திறந்தீர்களா?

பாம்பன் பாலத்தான்
கழுவித்தான் திறந்தோம். மண்டபத்துக்காரர்களுக்கு எங்களைப் பற்றி எப்போதுமே ஒரு இளக்காரம்.

மண்டபம் மச்சான்
பாலத்துக்கு அந்தப் பக்கம் போனதும் ஏன் எல்லாருக்கும் கோபம் வருகிறது? கேள்விதானே கேட்டேன்.

தங்கச்சிமடம் டீச்சர்
பாலம் என்றதும் ஞாபகம் வந்தது. 1964 டிசம்பர் புயலில் ரயில் பாலம் உடைந்து, அதைச் சரிசெய்ய 46 நாள் ஆனது. அன்றைக்குச் சாலைப் பாலமே கிடையாது, அது 1988-ல்தான் வந்தது. இப்போது இரண்டும் இருக்கிறது. நான் ஒன்றரை மாதக் கணக்கில்தான் வாங்குகிறேன். இருபது வருடத்துக்கு யார் அடுக்கச் சொன்னது?

கீழக்கரை காக்கா
டீச்சர், அடுக்குவது ஒன்றரை மாதத்துக்குத்தான். தாங்குவது 109 வருடம். இரண்டையும் குழப்பாதீர்கள்.

உப்பளத்தான் (வாலிநோக்கம்)
குழப்புவது யார்? நீங்கள் எழுதியதை அப்படியே மேலே போட்டிருக்கிறேன்: "இருபது வருடத்துக்குக் கவலையே இல்லை." இதைப் படித்த ஒரு வயதான அம்மா ஏர்வாடியில் வங்கிப் பணத்தை எடுத்து டின்னாக வாங்கினால் யார் பொறுப்பு?

கடலோரத்தில் டின் வைப்பது எப்படி என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை, நானே சொல்கிறேன். சிமெண்ட் தரையில் வைக்காதீர்கள், ஈரம் ஏறும். பலகை போட்டு அதன்மேல், மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மில். மேல் மடிப்பிலும் பக்கத் தையலிலும் லேசாக வாசலின் தடவலாம், துரு அங்கேதான் ஆரம்பிக்கும். துணியால் துடைத்தால் போகிற துருவென்றால் பயமில்லை. பள்ளம் விழுந்த துரு, கசிவு, உப்பல், மடிப்பில் நசுங்கல் இதில் எது இருந்தாலும் திறந்துகூடப் பார்க்காமல் தூக்கிப் போடுங்கள். இழுத்துத் திறக்கிற வளைய மூடி சௌகரியம்தான், ஆனால் கோடு கிழித்த இடம் மெலிசு, அடி பட்டால் அங்கேதான் விடும். சாதா மூடி வாங்கினால் கையால் சுற்றுகிற டின் கட்டர் இரண்டு வாங்குங்கள். திறந்தபின் மிச்சத்தை டின்னிலேயே வைக்காதீர்கள். காற்றுப் பட்டதும் வெள்ளீயம் வேகமாகக் கரையும். கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.

கீழக்கரை காக்கா
வாசலின் தடவி, டிரம்மில் போட்டு, பலகைமேல் வைத்து... இத்தனை செய்த பிறகும் 18 மாதம்தானா? அப்படியானால் எதற்குத் தடவ வேண்டும்?

உச்சிப்புளி தம்பி
அதைத்தான் கேட்டேன் காக்கா. கெடுவது என்றால்...

உப்பளத்தான் (வாலிநோக்கம்)
இடையில் வராதே தம்பி.

மண்டபம் மச்சான்
என் வீட்டில் பப்பாளியைப் பாட்டிலில் போட்டு மூடிக் கொதிக்கவைத்து அடுக்கலாம் என்கிறாள். டின்னே வேண்டாமாம். யாராவது செய்திருக்கிறீர்களா?

தங்கச்சிமடம் டீச்சர்
வேண்டாம் மச்சான். பப்பாளியில் புளிப்புப் போதாது, 4.6-க்கு மேலேதான் நிற்கும். தொழிற்சாலையில் சிட்ரிக் அமிலம் அளந்து சேர்த்துத்தான் அடைக்கிறார்கள். வீட்டில் கண்ணளவில் செய்தால் போட்டுலினம் நஞ்சு. வாசனையிலும் தெரியாது.

மண்டபம் மச்சான்
அவளிடம் நான் சொன்னால் கேட்க மாட்டாள். டீச்சர் சொன்னதாகச் சொல்கிறேன்.

கீழக்கரை காக்கா
நான் சொன்னது பப்பாளி இல்லை, பீச். எங்கள் வீட்டில் எந்த டின்னும் 18 மாதம் பார்ப்பதே இல்லை தம்பி. நோன்பு வந்தால் பழக்கலவை டின் எல்லாம் தீர்ந்துவிடும், பெருநாள் முடிந்து புதிது வாங்குவோம். பழையது முன்னே, புதியது பின்னே.

உப்பளத்தான் (வாலிநோக்கம்)
அப்படியானால் வருடா வருடம் மாற்றுகிறீர்கள்! உங்கள் வீட்டுக்கு ஒரு வருடம், ஊருக்கு இருபது வருடமா?

கீழக்கரை காக்கா
மாற்றுவது ருசிக்காக. தாங்காது என்பதற்காக இல்லை. 109.

உப்பளத்தான் (வாலிநோக்கம்)
இவர் இப்படித்தான். எனக்கு ஐஸ்பெட்டி விற்றபோதும் "பத்து வருடம் அசையாது" என்றார். மீன்பிடித் தடை 61 நாள் முடிந்து ஜூன் 15-ல் கடலுக்குப் போன அன்றே அடியில் ஒழுகியது. பிடித்த நண்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே கரைக்கு வந்தேன்.

கீழக்கரை காக்கா
அந்தப் பெட்டியை வெயிலில் கவிழ்த்துப் போட்டு வைத்தது யார்? இதை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்? டின்னில் பதில் இல்லை என்றதும் ஐஸ்பெட்டியா?

பாம்பன் பாலத்தான்
ஐஸ்பெட்டி எந்த அளவு? எனக்கு ஒன்று வேண்டும்.

உப்பளத்தான் (வாலிநோக்கம்)
அவரிடம் வாங்காதீர்கள். நூற்றொன்பது வருட உத்தரவாதம் தருவார்.

கீழக்கரை காக்கா
சரி, இதற்கு என்ன சொல்கிறீர்கள்? பரணில் ஒரு அன்னாசி டின் கிடக்கிறது. பெரிய மகன் துபாயிலிருந்து முதல் தடவை வந்தபோது கொண்டுவந்தது. அவனுக்கு இப்போது மூன்று பிள்ளைகள். டின் உப்பவில்லை, கசியவில்லை. படம் போடுகிறேன், பாருங்கள்.

உப்பளத்தான் (வாலிநோக்கம்)
படத்தில் லேபிள்தான் தெரிகிறது. மூடியைப் போடுங்கள். மடிப்பு தெரிகிற மாதிரி. தேதி அங்கேதான் அடித்திருக்கும்.

கீழக்கரை காக்கா
மூடி நன்றாக இருக்கிறது என்று நான் சொல்கிறேனே, போதாதா?

உப்பளத்தான் (வாலிநோக்கம்)
போதாது. மூடி.

தங்கச்சிமடம் டீச்சர்
தயவு செய்து அதைத் திறந்து யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் காக்கா. புளிப்பும் தகரமும் சேர்ந்து ஹைட்ரஜன் வாயு உண்டாகி உப்புவதும் உண்டு. இன்னும் உப்பவில்லை என்பதால் நாளைக்கும் உப்பாது என்று அர்த்தமில்லை.

கீழக்கரை காக்கா
யார் திறக்கப் போகிறார்கள்? 109-க்கு இன்னும் நிறைய இருக்கிறது.

மண்டபம் மச்சான்
கட்டர் ராமநாதபுரத்தில் எந்தக் கடையில் கிடைக்கும்? இரண்டு கடையில் கேட்டேன், வளைய மூடி டின் வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள்.

உப்பளத்தான் (வாலிநோக்கம்)
மூடிப் படம் இன்னும் வரவில்லை.